பதினோரு நாள் மூடுபனி

அன்று காலை பத்தேகால் மணிக்கு ஆபீசில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலோர மேஜையில் மதலேன் மேடம். அவருக்கு எதிரே காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சந்துரு. வாசலில் தண்ணீர் கேன் இறக்க வந்த செல்வம். நான்காவது ஆள் நான், மல்லிகா. செல்வம் காலி கேனை எடுத்துக்கொண்டு இரண்டே நிமிடத்தில் போய்விட்டார். ஆனாலும் மேடம் அந்தக் கடிதத்தின் முதல் வரியை வாசித்தபோது அவரும் இருந்தார் என்பதால் அவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு கணக்காக ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்த தப்பை நானே ஒத்துக்கொண்டேன் என்பதற்குச் சாட்சி வேண்டும். மல்லிகா மறைத்துவிட்டாள் என்று பின்னால் யாரும் சொல்லிவிடக் கூடாது. இதுவரை யாரும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்கிற நினைப்பு மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.

கடிதத்தின் முதல் வரி இது: "நான் கோபமாக எழுதவில்லை. உங்கள் வழிமுறை எனக்காகத்தான் எழுதப்பட்டதா என்று மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்."

போன மாதம் எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். நான் பார்த்த வேலையை இப்போது ஒரு செயலி பார்க்கிறது. எனக்கு ஒரு மாதம் பிடித்ததை டீ ஆறுவதற்குள் முடித்துவிடுகிறது. "அது உன்ன மாதிரி பயப்படாதுக்கா" என்றான் சந்துரு. "அதான்டா எனக்கு பயமா இருக்குது" என்றேன். அப்போதுதான், அந்தப் படகுக்காரர் விஷயத்தை எழுதிக் கொடு என்று கேட்டான். எட்டாவதோடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால் அவன் திருத்தட்டும்.

எங்கள் ஆபீஸ் புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. எங்கள் வேலை எல்லாம் இணையதளம் கட்டித் தரும் ஒரு மென்பொருளைச் சுற்றித்தான், அந்த வகைக்கு ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர் என்று பெயர். என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "ஜெனரேட்டர் கம்பெனியா? கரண்டு போறப்ப நம்ம ஊட்டுக்கு ஒண்ணு தூக்கினு வா" என்றார். எனக்குப் புரிந்தவரை அது இட்லிக் கடை மாதிரி. ஆள் வந்து கேட்ட பிறகு தோசை ஊற்றுகிற கடைகள் உண்டு. இது அப்படி இல்லை. நாம் எழுதி வைத்ததை எல்லாம் எடுத்து, ஒரே கட்டளையில் எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே அவித்து ஒரு ஃபோல்டரில் அடுக்கிவிடும். அந்த ஃபோல்டரை இணையத்துக்கு அனுப்பினால் தளம் ரெடி.

இந்த மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் விளக்கப் பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றிலும் 'மேலும் அறிய இங்கே பாருங்கள்' என்று நீல எழுத்தில் லிங்குகள். வருஷம் போகப்போக அந்த லிங்குகள் பழசாகிவிடும். தொட்டால் திறக்காது, திறந்தாலும் வேறு எங்கோ கொண்டுபோய் விடும். அவற்றைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வதுதான் மேடம் எடுத்திருந்த ஒப்பந்தம். செய்தவள் நான்.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படிப்பை விட்டபிறகு அம்மாவோடு மீன் கூடை தூக்கிக்கொண்டு பதினைந்து வருஷம் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். முதுகு விட்டுப்போனதும் இந்த ஆபீசில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். சாயங்காலம் பூட்டிவிட்டுப் படி இறங்குவேன். பூட்டினேனா என்று சந்தேகம் வரும். ஏறிப் பார்ப்பேன். மறுபடி இறங்கும்போது மறுபடி வரும். ஒருநாள் மேடம் எதிர் வரிசையில் ஆட்டோவில் உட்கார்ந்தபடி இதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் கூப்பிட்டு, "மூணு வாட்டி பூட்ட இழுத்துப் பாத்தியே, அந்த மாதிரி ஆள்தான் எனக்கு வேணும்" என்றார். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அர்த்தம் தெரியாது என்றேன். "அர்த்தத்த நான் பாத்துக்கறேன், நீ கண்ணால பாரு" என்றார். அர்த்தம் என் கையை விட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

மேடம் பிரெஞ்சுக் குடும்பத்துக்காரர். ஒல்லியாக இருப்பார், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பேனா தொடமாட்டார், பென்சில்தான். யாரையும் திட்டமாட்டார். நாம் பதறினால் மட்டும் உள்ளங்கையை மேஜை மேல் வைத்து, "தூஸ்மான், மல்லிகா, தூஸ்மான்" என்பார். மெதுவாக, மென்மையாக என்று அர்த்தமாம். தப்பு நடந்தால் யார் செய்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாற்காலியை ஒரு கால்வட்டம் திருப்பிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி கேட்பது ஒரே கேள்வி: "என்னா பாத்த?"

ஏனென்றால் அவருடைய முறையே அதில்தான் இருந்தது. எனக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார், மூன்று கட்டம். முதல் கட்டத்தில் பழைய முகவரி. இரண்டாவதில் புதிய முகவரி. மூன்றாவதில், 'நான் பார்த்தது'. இந்த மூன்றாவது கட்டத்தைத் தமிழில் எழுத வேண்டும். 'திறந்தது' என்று எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார். "தொறக்குதான்னு மிஷினு சொல்லும். உள்ள யார் இருக்காங்கன்னு நீ சொல்லு."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்று இரண்டாம் மாதமே தெரிந்தது. நிறங்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று சொல்லும் ஒரு தளத்துக்கு ஒரு லிங்க் இருந்தது. மிஷின் அதற்குப் பச்சை டிக் போட்டிருந்தது. நான் திறந்தால் உள்ளே சீட்டுக்கட்டும் சுழல்கிற சக்கரமும். பழைய சொந்தக்காரர் பணம் கட்டாமல் விட்ட பெயரைச் சூதாட்டக்காரர் யாரோ வாங்கிவிட்டிருக்கிறார். 'உள்ளே வேறு ஆள் குடியிருக்கிறார், ஆள் சரியில்லை' என்று எழுதினேன். மேடம் அந்த வரியைப் பென்சிலால் வட்டம் போட்டு, "வொயலா" என்றார், பிரெஞ்சில் 'இதோ, இதேதான்' என்று அர்த்தமாம். அந்த மாதத்திலிருந்து சம்பளம் போக, சரிசெய்யும் ஒவ்வொரு லிங்குக்கும் ஏழு ரூபாய் தனியாகக் கொடுக்க ஆரம்பித்தார்.

இப்போது யோசித்தால் அந்த வருஷங்கள் தூக்கத்தில் நடந்தது மாதிரி இருக்கிறது. ஒரு லிங்கைத் தொட்டதும் திரை வெள்ளையாகி, ஒன்றுமில்லாமல் ஒரு கணம் நிற்கும். மார்கழியில் கடல்மேல் மூட்டம் இறங்கியிருக்கும்போது கரையில் நின்று பார்த்தால் இப்படித்தான் இருக்கும். எதிரே எல்லாம் வெள்ளை. அதற்குள்ளிருந்து மெல்ல ஒரு உருவம் வரும். நம்ம படகா, வேற படகா என்று தெரிவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். அப்படி நின்ற காலைகள் எனக்கு நிறைய. அதே நெஞ்சோடுதான் முதலியார்பேட்டை மாடியில் ஒரு நாளைக்கு அறுபது, எழுபது முறை உட்கார்ந்திருந்தேன்.

அந்த விளக்கப் பக்கங்களில் ஒன்று, 'இதைக் கொண்டு கட்டப்பட்ட தளங்கள்' என்ற பட்டியல். நாற்பது பேரின் தளங்கள் இருந்தன. மாதம் ஒருமுறை நாற்பதையும் திறந்து பார்க்க வேண்டும், முதல் பக்கம் மட்டும் போதும் என்பது ஏற்பாடு. எனக்குப் போதாது. வாசல் இருந்து உள்ளே அறை இல்லாமல் போயிருந்தால்? அதனால் உள்பக்கங்களையும் திறப்பேன். திறந்தேன் என்பதற்கு அத்தாட்சியாக ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் சேமித்தும் வைப்பேன். ஒருமுறை சேமித்த பக்கத்துக்கு டிக், அதைத் திரும்பச் சேமிக்க வேண்டாம்.

"அக்கா, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாதி எடம் உன் பயந்தான் கெடக்குது. அழிச்சுடு" என்றான் சந்துரு ஒருநாள்.

அந்த நாற்பதில் ஒன்று பிரான்சில் ஏதோ ஒரு ஆற்றில் படகு விடும் ஒருவருடையது. லுசியென் என்று பெயர். மாதத்துக்கு ஒரு பக்கம், ஒன்பது வருஷமாக. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, சில நாளைக்கு ஆற்றின் படம். பாதிப் படங்களில் ஆறே தெரியாது, வெறும் வெள்ளை. நான் அதை மட்டும் கடைசியில் திறப்பேன், மற்ற முப்பத்தொன்பதும் முடிந்த பிறகு. அது என்ன எழுத்து என்று மேடத்திடம் கேட்டேன். "பனி எத்தன மணிக்கு எறங்குச்சு, எத்தன மணிக்கு வெலகுச்சு, காத்து எந்தப் பக்கம்னு எழுதி வெக்கிறாரு. அவ்ளோதான்" என்றார். எனக்கு அது 'அவ்ளோதான்' ஆகப் படவில்லை.

இனி என் தப்பு. பழைய லிங்குகளில் தொடக்கூடாத ஒரு வகை உண்டு. மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வந்தாலும் சிலர் பழையதையே வைத்திருப்பார்கள். அவர்களுக்கான விளக்கப் பக்கங்களைத் தனியாக வைத்திருந்தார்கள். அதில் உள்ள லிங்குகள் பழைய பக்கங்களுக்குத்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரரின் பழைய என்ஜினுக்குப் புது என்ஜினின் புத்தகத்தைப் பார்த்து ஆயில் ஊற்றினால் என்ன ஆகும், அதுதான். மேடம் இதைச் சொல்லியிருந்தார். எனக்குத் தெரியும்.

புதுப் பதிப்பு வெளியாவதற்கு முந்தின நாள். என் தாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு லிங்குகள். கடைசிக்குச் சற்று முன்னால் ஒன்று, பழைய பதிப்புப் பக்கத்தில் இருந்தது, திறக்கவில்லை. இன்றைக்குள் முடியாவிட்டால் மேடத்துக்கு ஒப்பந்தமே போய்விடுமோ என்று எனக்குப் பயம். அதே தலைப்பில் புதுப் பக்கம் ஒன்று இருந்தது. அதை மாட்டினேன். மூன்றாவது கட்டத்தில், 'தலைப்பு அதே. படமும் அதே' என்று எழுதினேன். படத்துக்குக் கீழே நாலு வரி இங்கிலீஷ். அதைப் பார்க்கவில்லை.

பத்து வாரம் கழித்து, அக்டோபரில், அந்த லிங்கைத் தொட்ட ஆள் லுசியென்.

ஆரம்பத்தில் சொன்ன கடிதம் அவருடையதுதான், மென்பொருள் நிறுவனம் அதை எங்களுக்கு அனுப்பியிருந்தது. மேடம் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். அவருடைய பழைய கம்ப்யூட்டர் கெட்டுப்போனது. புதிது வாங்கி, ஃபோல்டரை அதில் போட்டுக்கொண்டு, பழையதை உடைசலுக்குக் கொடுத்துவிட்டார். மென்பொருளை எப்படி நிறுவுவது என்று பழைய பதிப்பின் விளக்கத்தைத் திறந்தார். லிங்க் அவரைப் புதுப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அது சொன்னபடி புதுப் பதிப்பை இறக்கி, அது சொன்ன கட்டளையைக் கொடுத்தார். புதுப் பதிப்பு வேலை தொடங்குமுன், பக்கங்களை அடுக்கும் அந்த ஃபோல்டரைக் காலி செய்துவிடும். நான் படிக்காத நாலு வரியில் எழுதியிருந்தது அதுதான். அவரோ பனிக் குறிப்புகளை நேராக அந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டிருந்தவர். ஒன்பது வருஷமும் போனது. வழக்கம்போல் இணையத்துக்கு அனுப்பினார், அங்கேயும் காலியானது. பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கும் இடங்களில் தேடியிருக்கிறார். முதல் பக்கம் மட்டும் கிடைத்ததாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்:

"அக்கரையில் ஒரு பெண் இருக்கிறார். வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க இக்கரை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். பாலம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி. பனி எப்போது விலகும் என்று பழைய குறிப்புகளோடு ஒத்துப் பார்த்துத்தான் அவரைக் கிளம்பச் சொல்வேன். மூன்று வாரத்தில் பனிக்காலம். குறிப்பு இல்லாமல் நான் அவரைப் படகில் ஏற்ற மாட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். தாளை எடுத்தார். அந்த வரியைக் கண்டுபிடித்தார். நாற்காலி கால்வட்டம் திரும்பியது. கேள்வி வருவதற்குள் சந்துரு முந்திக்கொண்டான்.

"ஸ்கிரிப்ட் மாத்தியிருக்கும் மேடம். அன்னிக்கு மொத்தமா ஒண்ணு ஓட்டுனோம்ல."

ஸ்கிரிப்ட் என்றால் லிங்குகளை மொத்தமாகத் தானே மாற்றும் ஒரு நிரல். பழியை அதன்மேல் போட்டு என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். ஒரு நொடி நான் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். பிறகு, "இல்ல மேடம். நான்தான்" என்றேன்.

"என்னா பாத்த?"

"தலைப்பப் பாத்தேன். படத்தப் பாத்தேன். கீழ இருந்தத படிக்கல."

"படிக்கலியா, படிக்க வரலியா?"

"ரெண்டுந்தான் மேடம்."

கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சந்துரு காதிலிருந்து ஒயரைக் கழற்றினான்.

"அக்கா, அந்தப் படகு சைட்ட நீ எடுத்து வெச்சிருந்தல்ல?"

"நீதானடா அழிக்கச் சொன்ன."

"அழிச்சுட்டியா?"

"அழிச்சுட்டேன்."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பென்டிரைவ்ல போட்டுட்டுதான் அழிச்சேன்" என்றேன்.

"அத மொதல்ல சொல்ல மாட்டியா! எங்க இருக்குது?"

"ஊட்ல. படகு பேப்பர் வெக்கிற டப்பால."

"தூஸ்மான்" என்றார் மேடம். ஆனால் எழுந்து நின்றுவிட்டிருந்தார். "வண்டிய எடு சந்துரு."

முதலியார்பேட்டையிலிருந்து எங்கள் ஊர் வீராம்பட்டினம் அதிக தூரமில்லை. சந்துருவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போன அந்தத் தூரம் மட்டும் முடியவே இல்லை. உப்புக்காற்றில் அந்த டப்பா துரு ஏறியிருக்கும், பென்டிரைவும் போயிருக்கும் என்று ஒன்று. பேரப்பிள்ளை எடுத்து விளையாடியிருப்பான் என்று ஒன்று. ரோடு ஓரத்துத் தென்னைகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல ஆடிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா இந்நேரத்துல? வேலய உட்டு தூக்கிட்டாங்களா?"

"இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

படகுப் பதிவுச் சான்று, டீசல் மானிய அட்டை, அதற்கடியில் பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டபடி இருந்தது. முடிச்சு மூன்று.

ஆபீசில் சந்துரு அதைச் செருகினான். மேடம் அவனுக்குப் பின்னால் நின்றார். நூற்றெட்டு பக்கங்கள். ஒவ்வொன்றாகத் திறந்தான். வெள்ளை, பிறகு மெல்ல ஆறு. வெள்ளை, பிறகு படகின் முனை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவது வருஷத்து நவம்பரில் நிறுத்தினான்.

"இது பாதிதான் இருக்குதுக்கா. பத்தொம்பதாந் தேதியோட நிக்குது."

அந்தப் பக்கத்தை நான் சேமித்தது எந்த நாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. வந்ததும் திரும்பச் சேமிக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் போன் வந்தது, என் வீட்டுக்காரரின் படகு இன்னும் கரை சேரவில்லை என்று. கையில் இருந்த பென்சிலால் டிக் போட்டுவிட்டு ஓடினேன். அவர் சாயங்காலம் வந்து சேர்ந்தார், என்ஜின் கோளாறுதான். வாழ்க்கையில் நான் திரும்பிப் பார்க்காத ஒரே பூட்டு அந்தப் பக்கம்.

நூற்றேழே முக்கால் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். சந்துரு சாப்பிடக்கூடப் போகாமல் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தான். மேடம் பிரெஞ்சில் பதில் எழுதினார். நான் சொல்லச் சொல்ல எழுதினார்: "அந்த வழிமுறை உங்களுக்காக எழுதப்பட்டது அல்ல. தவறான வாசலுக்கு உங்களை அனுப்பியவள் நான். என் பெயர் மல்லிகா. உங்கள் நவம்பரில் பதினோரு நாள் என்னிடம் இல்லை." பெயர் போட வேண்டாம், ஆபீஸ் பெயரே போதும் என்று சந்துரு சொன்னான். மேடம் பெயரைப் போட்டார்.

பிறகு என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, வேறு முகவரிக்கு மாறியிருந்த பழைய பதிப்புப் பக்கத்தைத் தேடியெடுத்து, அந்த லிங்கை நானே அதற்குத் திருப்பும்படி செய்தார். நான் விட்ட நாலு வரியை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் சொன்னார். அவற்றிலிருந்தும் மற்ற பக்கங்களிலிருந்தும் ஆபத்தான வார்த்தைகளைப் பொறுக்கி ஒரு அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதி என் திரைக்குக் கீழே ஒட்டினார்: டெலீட், ரிமூவ், எம்ப்டி, ஓவர்ரைட். இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் கையை எடுத்துவிட்டு அவரைக் கூப்பிட வேண்டும். ஓய்வு பெறும்வரை அந்த அட்டை இருந்தது. எனக்குத் திட்டும் விழவில்லை. ஒப்பந்தமும் போகவில்லை.

ஆறாம் நாள் லுசியெனின் பதில் வந்தது. குறிப்புகள் தளத்தில் ஏறிவிட்டன. பிறகு பனிக்காலம் தொடங்கியது, அக்கரைப் பெண் வந்து போய்க்கொண்டிருப்பதாகவும் எழுதினார். அந்த ஐந்தாவது வருஷத்து நவம்பர் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பத்தொன்பதுக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. மேடம் வாசித்துச் சொன்னார்: "இந்தப் பதினோரு நாளும் பனி இருந்தது. எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது."

அந்த மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தேன். அந்தத் தப்பான லிங்குக்கும் சேர்த்துத்தான் எனக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். ஒரு ஐந்து ரூபாய்க் காசையும் ஒரு இரண்டு ரூபாய்க் காசையும் மேடத்தின் மேஜையில் வைத்தேன். அவர் பென்சிலின் பின்முனையால் இரண்டையும் என் பக்கமே தள்ளினார்.

"அந்த லிங்க் இன்னும் முடியல மல்லிகா. பதினோரு நாள் பாக்கி இருக்குது. அது என்னிக்கு வருதோ அன்னிக்கு வாங்கிக்கறேன்."

ஓய்வு பெற்ற அன்றும் வைத்துப் பார்த்தேன். அன்றும் தள்ளிவிட்டார். இப்போதும் மாதம் ஒருமுறை போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறேன். வெள்ளை, பிறகு மெல்ல ஆறு, பத்தொன்பது, அந்த ஒரு வரி. காசு இரண்டும் படகு பேப்பர் டப்பாவில், பென்டிரைவ் இருந்த பாலிதீன் பையில் கிடக்கின்றன. நான் கொடுக்க வேண்டிய பாக்கி, ஏழு ரூபாய்.